பெயர்த்து நட்ட முளைகள்

அத்தியாயம் பதினான்கு

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் பொறியாளர் வந்து அளந்து பார்ப்பார். அளவு மாறாதிருந்தால் ஊத்தாம்பாறைக்கு மதில் வரும். மாறியிருந்தால் மதில் வராது. ஊரே மலையைவிட்டு இறங்க வேண்டியிருக்கும். ஒன்பது வீடுகளிலும் அன்று வேறு பேச்சில்லை.

குரங்கணிக்கு மேலே, ஜீப்புப் பாதை ஏழு வளைவுகள் ஏறி முடிகின்ற இடத்தில் அமைந்த சிற்றூர் அது. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் வீடுகளுக்கு மேற்புறத்துச் சரிவில் மண் வெடித்தது. புயலுக்கும் கடலரிப்புக்கும் ஆளாகும் கடலோர ஊர்களுக்கென அரசு வகுத்திருந்த மானியம் இவ்வாண்டு மலைச்சரிவு ஊர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மதிலும் வடிகாலும் அரசின் செலவிலேயே கட்டித் தரப்படும் என்றார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: மூன்று மாத காலம் மண் நகராதிருத்தல் வேண்டும். நகர்கின்ற மண்ணில் மதில் எழுப்புவது வீண் என்பது விதி.

இறங்கிப் போகிறவர்களுக்குப் போடிக்கு அருகே சமவெளியில் வீடு கிடைக்கும். ஏலக்காடு கிடைக்காது. குடும்பத்துக்கு அரை ஏக்கராக இவர்கள் உழைத்து உருவாக்கிய காட்டுக்குப் பட்டா இல்லை. மலையில் இருப்பவனுக்கே காடு; இறங்கியவனுக்கு இல்லை.

வெடிப்பின் மேற்கரையில் இரண்டும் கீழ்க்கரையில் இரண்டுமாக, அளவு பார்க்க நான்கு முளைக்குச்சிகள் நடப்பட்டன. வெள்ளிக்கிழமைதோறும் அவற்றின் இடைவெளியை அளந்து எழுதும் பொறுப்பு, ஊர்க்குழுத் தலைவர் கன்னையனின் மருமகளான அனுசியாவுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள் அங்கே அவள் ஒருத்திதான். பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகள் அளந்தாள். பன்னிரண்டிலும் அறுபது சென்டிமீட்டர் என்று எழுதி, அடியில் கையெழுத்திட்டாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, பொறியாளர் வருமுன் அந்த இடத்தைக் கூட்டி வைக்கலாம் என்று விளக்குமாறும் டேப்புமாக அவள் மேலே ஏறினாள். இரவு பெய்த மழை நின்றிருந்தது. முளைகளைச் சுற்றிக் கிடந்த ஏலச்செத்தையை ஒதுக்கியவள், சட்டென்று நின்றாள்.

நான்கு முளைகளும் ஒரே நாளில், ஒரே முள்முருங்கை மரத்திலிருந்து கன்னையன் வெட்டி ஊன்றியவை. மிளகுக்கொடி ஏற்றுவதற்கு மலையில் எல்லாரும் நடுவது அந்தக் கிளையைத்தான். குச்சி என்று எது கேட்டாலும் அவர்கள் கை தானாகவே முள்முருங்கைக்குப் போகும். ஈர மண்ணில் ஊன்றிவிட்டால் இருபது நாளில் அது வேர்விட்டுத் தளிர்க்கும்.

மேற்கரை முளைகள் இரண்டும் கைந்நீளம் தளிர்த்து நின்றன. கீழ்க்கரை முளைகள் இரண்டும் பட்டை சுருங்கி, ஓர் இலைகூட இல்லாமல் காய்ந்து நின்றன.

வாரந்தோறும் அவள் டேப்பைப் பார்த்தாளேயன்றி முளையைப் பார்த்ததில்லை.

கீழ்க்கரை முளை ஒன்றைப் பற்றி அசைத்தாள். அது கையோடு வந்துவிட்டது. நுனியில் வேர் இல்லை. அதற்குக் கீழே செத்தையை விலக்கியபோது, சேறு குழைத்து அடைக்கப்பட்ட வட்டக்குழி ஒன்று தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. கீழ்க்கரை சரியச் சரிய, யாரோ முளையைப் பிடுங்கி வெடிப்புக்கு அருகில் நகர்த்தி நட்டிருக்கிறார்கள். மொத்தம் ஏழு குழிகள். எல்லாவற்றுக்கும் கீழே இருந்த முதல் குழியிலிருந்து முளை நின்ற இடம்வரை அளந்தாள்: முப்பத்து நான்கு சென்டிமீட்டர்.

ஒன்றரைச் சாண் மலை, அவளுடைய கையெழுத்துக்கு மேலே இறங்கியிருந்தது.

முளையை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கன்னையன் வெள்ளைச் சட்டை அணிந்து, கட்டிலில் அமர்ந்து மானிய விண்ணப்பத்தின் நகலை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்களையில் அவர் மனைவி சோலையம்மாள் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, கீழ முளை ரெண்டும் ஏன் தளுக்கல?"

கன்னையன் நிமிரவில்லை. "வெயிலு தாயி."

"மேல உள்ளதுக்கு மட்டும் வெயிலு அடிக்கலையாக்கும்?"

"பட்டுப்போன கெளையா இருக்கும்."

"ஏழு குழி இருக்கு மாமா. எண்ணிட்டுத்தான் வந்துருக்கேன்."

கன்னையன் தாள்களைக் கட்டிலின்மேல் வைத்தார். அவர் அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் போடாத ஆத்தா. மொத வாரம் ஒரு வெரக்கடைதான் எறங்குச்சு. ஒரு வெரக்கடைக்கு ஊரக் கலைக்கவான்னு நெனச்சேன். மதிலு மூணு மாசத்துல வந்துரும்னாக. வந்துட்டா மண்ணு நின்னுரும்."

"அதுக்கப்பறம் ஆறு தடவ?"

"ஒரு தடவ மாத்தி வச்சுட்டா, மறுதடவ மாத்தாம இருக்க முடியுமா? ஒரே வாரத்துல அம்புட்டும் எறங்குன மாதிரில்ல தெரியும்."

"அடியில எங்கையெழுத்து இருக்கு."

"அதான் ஒங்கிட்டச் சொல்லல. தெரியாமப் போட்டா தப்பில்ல."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே."

கன்னையன் தாள்களை மீண்டும் எடுத்து அடுக்கினார். பிறகு, கோபமின்றியே சொன்னார்: "நாம எறங்குன மறுநா எவனாச்சும் வெட்டுக்கத்தியோட நம்ம காட்டுல ஏறிருவான். மூணாம் பறிப்பு காயி செடியில நிக்கிது. ஒம்புருசன் ஜீப்பு ஓட்டுறவன், எங்கிட்டும் பொழச்சுக்குவான். பாண்டியம்மாக்கா என்ன செய்யும்? அமாவாச என்ன செய்வான்? கீழ போயி எதப் பறிப்பாக? யோசிச்சுக்க. இன்னிக்கு ஒரே ஒரு கையெழுத்து."

அனுசியா யோசித்தாள். பதினொரு மணிவரை வேறெதுவும் அவளால் செய்ய முடியவில்லை.

பொறியாளர் சுஜிதா குறித்த நேரத்துக்கே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். கடலோர மாவட்டங்களில் இதே மானியப் பணியை ஆறு ஆண்டுகள் பார்த்துவிட்டு, மலைப்பகுதிக்கு மாற்றலாகி வந்தவர். அவர் கொணர்ந்த படிவமும் கடலோரத்திலிருந்து வந்ததே. யாரும் அதைத் திருத்தியிருக்கவில்லை.

"சேதமாகக்கூடிய படகுகள் எத்தனைன்னு ஒரு கேள்வி இருக்கு. இல்லைன்னு போட்டுக்கறேன்," என்றார் சுஜிதா.

"ஏன் இல்லங்கிறீக? பால்ராசு ஜீப்ப எழுதிக்கங்கம்மா," என்றான் அமாவாசை. "மழ பெஞ்சா அது மெதந்துதான் வருது. ஏறுன ஆளுக்கும் வாந்தி வருது."

"ஒன்னைய நாளைக்கு நடந்து வரவச்சிர்றேன் மாப்ளே," என்றான், ஜீப்பின் மீது சாய்ந்து நின்ற அனுசியாவின் கணவன் பால்ராஜ். ஊர் சிரித்தது. கன்னையனும் சிரித்தார்.

எல்லாரும் மேலே ஏறினார்கள். சுஜிதா தம் கையாலேயே டேப்பைப் பிடித்து அளந்தார். அறுபது. இரண்டாம் இணையையும் அளந்தார். அறுபது.

"நல்லது. மூணு மாசமா ஒரு மில்லிமீட்டர்கூட மாறலை." நோட்டை விரித்து அனுசியாவிடம் நீட்டினார். "அளந்தவங்க நீங்கதானே? கடைசியா ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. நான் பரிந்துரை எழுதிடறேன்."

அப்பொழுது சோலையம்மாள் பால் சேராத கட்டஞ்சாயாத் தூக்குடன் மூச்சு வாங்க ஏறி வந்தாள். முப்பது ஆண்டுகள் மிளகுக்கொடி ஏற்றிய கண் அவளுடையது. முதலில் முளைகளின் மீதே சென்றது.

"இதென்ன, இது ரெண்டு மட்டும் தளுக்காமக் கெடக்கு?"

"வெட்டுனப்பவே பட்டுப்போன கெளை. நீ சாயாவ ஊத்து," என்றார் கன்னையன்.

சுஜிதாவுக்கு அந்த மரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அவர் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

பேனா அனுசியாவின் விரல்களில் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். முப்பது அடிக்குக் கீழே பாண்டியம்மாளின் தகரக்கூரை தெரிந்தது. அந்தக் கூரைமேல் கிழவி அவித்த கிழங்கைப் பரப்பிக் காயவைத்திருந்தாள். காடு போனால் இந்த ஒன்பது வீடும் தன்னை மன்னிக்காது என்பதை அனுசியா அறிவாள். கையெழுத்திட்டால் மதில் வருவதற்குள் மண் வந்துவிடும் என்பதையும் அவள் இப்போது அறிவாள்.

அவள் குனிந்து கீழ்க்கரை முளையைப் பிடுங்கி, சுஜிதாவின் முன் நீட்டினாள்.

"இதுக்கு வேரு இல்லம்மா. ஏழு தடவ எடம் மாத்தி நட்டது. செத்தைய வெலக்கிப் பாருங்க, குழி தெரியும். முப்பத்தினாலு சென்டிமீட்டர் எறங்கிருக்கு."

சுஜிதா மண்டியிட்டுச் செத்தையை விலக்கினார். ஒவ்வொரு குழியாகத் தொட்டுப் பார்த்தார். எழுந்து, அனுசியாவிடமிருந்து நோட்டை வாங்கி மூடினார்.

"கடலோரத்தில் ஒரு ஊர்ல, கரை எவ்வளவு அரிக்குதுன்னு பார்க்க ஒரு கல்லு நட்டோம். அந்த ஊர்க்காரங்க கல்லை உள்ளே நகர்த்தி நகர்த்தி வச்சாங்க. நானும் தூரம் சரியா இருக்குன்னு எழுதிட்டு வந்தேன்."

"அப்பறம்?" என்றாள் சோலையம்மாள்.

"நாலு வீடு போச்சு."

பின்பு அவர் பேசியதெல்லாம் உத்தரவாகவே இருந்தது. மதிலுக்கான மானியம் ஊத்தாம்பாறைக்கு இனி இல்லை. மாலையில் பெருமழை என்று எச்சரிக்கை இருக்கிறது. நான்கு மணிக்குள் ஊரே இறங்கிவிட வேண்டும். ஊரிலிருந்து இறங்கும்போது வருகின்ற, செல்பேசிக்கு டவர் கிடைக்கும் முதல் வளைவுக்குச் சென்று வண்டிகளுக்குச் சொல்லி அனுப்புவதாகவும் கூறினார். காய்ச்சலில் கிடந்த இருவரையும் கைக்குழந்தையோடு ஒருத்தியையும் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

அவர் தலை மறைந்ததும் அமாவாசை அனுசியாவின் எதிரே வந்து நின்றான். சற்றுமுன் எல்லாரையும் சிரிக்கவைத்தவன் அவன்தான்.

"ஒத்தக் கையெழுத்துதானத்தா? போட்டிருந்தா ஒனக்கு என்ன கொறஞ்சிரும்? எங்கப்பன் காடு. எங்கையால குழி வெட்டி வச்ச செடி."

"அண்ணே, மண்ணு எறங்கிருச்சு."

"எறங்கட்டும். எறங்குனா அதுல போயிட்டுப் போறோம். கீழ போயி ஓட்டல்ல எலை எடுக்கச் சொல்றியா?"

"அவளத் திட்டாத," என்றார் கன்னையன். "முளைய மாத்துனது நானு."

"ஊருக்காகச் செஞ்சீக. இவ யாருக்காகச் செஞ்சா?"

ஒவ்வொருவராக வீட்டுக்கு நடந்தார்கள். சோலையம்மாள் மட்டும் கணவரின் அருகே நின்றாள்.

"வியாழக்கெழமையானா கடப்பாறையில சேறு இருக்கும். நான்தான் கழுவி வப்பேன். ஏதுடா சேறுன்னு ஒரு நாளும் கேக்கல பாருங்க," என்றாள். "கேட்டுருக்கணும்."

மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. சொல்லியனுப்பிய வண்டிகள் வரவில்லை. ஊரில் இருந்தது பால்ராஜின் ஜீப்பு ஒன்றே. எஞ்சியவர் இருபத்து நால்வர்.

குழந்தைகளையும் முதியோரையும் முதலில் ஏற்றினார்கள். பாண்டியம்மாளை ஏறச் சொன்னபோது, காய் மூட்டையை வைத்துவிட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அவளுடைய இடத்தில் சோலையம்மாளைத் தள்ளி ஏற்றினான் பால்ராஜ்.

"ஆத்தா, வெரசா ஏறு. எனக்கு ரெண்டு நடை சோலி இருக்கு."

"மருமகளையும் ஏத்துடா."

"அடுத்த நடையில நான் வர்றேன் அத்த," என்றாள் அனுசியா. தன்னால் ஊர் இறங்குகிறது. தான் முன்னால் இறங்கினால் அது தகாது என்று அவளுக்குத் தோன்றியது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதின்மூன்று பேருடன் ஜீப்பு புறப்பட்டது. பதினொருவர் மழையில் நின்றார்கள்.

பத்து நிமிடம் சென்றிருக்கும். அடியில் எங்கோ கல் உருளும் ஓசை போல ஒன்று கேட்டது. பிறகு அது கல்லின் ஓசையாக இல்லை. காலடியில் நிலம் நடுங்கிற்று. எல்லாரும் மேலே வெடிப்பைத்தான் பார்த்தார்கள். மேலே ஒன்றும் நிகழவில்லை. ஓசை கீழேயிருந்து வந்தது.

கன்னையனும் அனுசியாவும் முதல் வளைவுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மூன்றாம் வளைவு தெரியும். இன்று அங்கே வளைவு இல்லை. பாதை இருந்த இடத்தில் சிவந்த மண் பள்ளத்தை நோக்கி இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. அதன் நடுவே ஒரு பலாமரம் நின்றபடியே மெல்ல நகர்ந்து சென்றது.

ஜீப்பு மூன்றாம் வளைவைக் கடக்கப் பத்து நிமிடம் ஆகும்.

"தாண்டிருப்பான்," என்றான் அமாவாசை. "பால்ராசு வெரசா ஓட்டுவான். தாண்டிருப்பான் மாமா." அவன் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் அந்த ஜீப்பில் இருந்தார்கள்.

அனுசியா பால்ராஜின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்து ஓய்ந்தது. மீண்டும் அழுத்தினாள். மீண்டும் ஓய்ந்தது.

அழுவதற்கும் அங்கே நேரம் இல்லை. திரும்பிப் போனால் வெடிப்புக்கு அடியில் இருக்க வேண்டும். ஜீப்புப் பாதை அறுந்துவிட்டது. மிஞ்சியது ஒன்றே: ஜீப்பு வருமுன் கோவேறு கழுதைகள் ஏலமூட்டை சுமந்து இறங்கிய பழம்பாதை. முதல் வளைவிலிருந்து பிரிந்து, வீடுகளுக்கு நேர் அடியில் இருநூறு அடி தூரம் குறுக்காகச் சென்று, அதன்பிறகே ஓடைப்பக்கம் திரும்பும். அந்த இருநூறு அடியும் வெடிப்புக்குக் கீழே. காட்டுப்புதர் மூடிய அந்தத் தடத்தை அறிந்தவர் கன்னையன் ஒருவரே.

ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை.

பாண்டியம்மாள் காய் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிப் பாதையோரம் வைத்தாள். கன்னையனுக்கு நேராக வந்து நின்றாள்.

"கன்னையா. மதிலு வரும்னு சொன்ன. மண்ணு நிக்கும்னு சொன்ன. நாங்க நம்புனோம். இப்பக் கேக்குறேன், சொல்லு. அந்தப் பாத நிக்குமா?"

கன்னையன் பாதையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை மழையில் அவர் உடம்போடு ஒட்டியிருந்தது.

"தெரியாதுக்கா."

"தெரியாதா?"

"தெரியாது. நிக்கலாம். நிக்காமலும் போகலாம். இங்கன நின்னா மட்டும் கட்டாயம் போயிரும்."

கிழவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"முன்னால நட. நீ மிதிச்ச எடத்துலதான் நாங்க மிதிப்போம்."

கன்னையன் புதரை விலக்கி இறங்கினார். அவர் பின்னே பாண்டியம்மாள் இறங்கினாள். அமாவாசை அனுசியாவைப் பாராமலே கடந்து சென்றான். ஒருவர் பின் ஒருவராக ஒன்பது முதுகுகள் புதருக்குள் மறைந்தன. பத்தாவது ஆளாக இறங்க வேண்டியவன், வழுக்கும் என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

அனுசியா மட்டும் வளைவில் நின்றாள். இறங்கிவிட்டால் டவர் கிடைக்காது. கடைசியாக ஒரு முறை அழுத்தினாள்.

மூன்றாம் மணியில் மறுமுனை எடுக்கப்பட்டது.

"ஏங்க? எங்க இருக்கீக? ஏங்க! அத்த?"

மறுமுனையிலும் மழை பெய்துகொண்டிருந்தது. ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை விட்டுவிட்டு அழுதது. பெரியவர்களின் குரல் ஒன்றுகூடக் கேட்கவில்லை.